நல்ல திருகாணி எங்கே கிடைக்கும்?

இல்லத்துச் சிறு வேலைகளைப் பற்றி இப்பகுதியில் நாம் எழுதத் தொடங்கிய நாள் முதல், வாசகர்கள் மீண்டும் மீண்டும் கேட்டுவரும் வினா ஒன்று உண்டு. "கதவின் கீலுக்கு முடுக்கும்போதே திருகாணியின் தலை முறிந்துவிடுகிறது. தண்ணீர்த் தொட்டியின் தாங்கிக்குப் போட்ட போல்ட் ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்காமல் துருவேறிவிடுகிறது. போல்ட்டை ஒரு கடையிலும் நட்டை மற்றொரு கடையிலும் வாங்கினால் இரண்டும் ஒன்றோடொன்று சேர மறுக்கின்றன. நல்ல சரக்கு எங்கேதான் கிடைக்கும்?" என்பதே அவ்வினா. பொள்ளாச்சியிலிருந்தும் கோபிசெட்டிபாளையத்திலிருந்தும் பல்லடத்திலிருந்தும் வந்த கடிதங்கள் ஏறத்தாழ ஒரே சொற்களில் அமைந்துள்ளன. ஆதலின் இம்மாதம் அதனையே பொருளாக எடுத்துக்கொள்வோம்.

கோவையின் சுற்றுவட்டாரத்தில் இருந்துகொண்டு இவ்வாறு கேட்க நேர்வது சற்று விந்தையே. 1888-இல் ஸ்டேன்ஸ் துரையின் முயற்சியால் நூற்பாலை கண்ட ஊர் இது. 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தபின், தெருவுக்கொரு பட்டறை எழுந்தது. 1937-இல் ஜி. டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் மின்மோட்டார் செய்து காட்டினர். 1955-இல் சபாபதி என்பவர் மாவரைக்கும் ஈரக் கிரைண்டரை உருவாக்கினார். கொங்கு நாட்டுக் கிணறுகளில் மட்டுமன்றி, நாட்டின் பல பகுதிக் கிணறுகளிலும் கோவைப் பம்புகள் தண்ணீர் இறைக்கின்றன. இப்பொறிகள் ஒவ்வொன்றையும் சேர்த்துப் பிடித்திருப்பவை போல்ட்டும் நட்டும் அல்லவா? அவற்றில் நல்லவை இல்லாவிடில் பம்பு ஓடுமா?

ஓடாது. நல்லவை இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் தொழிற்சாலைக்குச் செல்கின்றன. பம்பு செய்பவர் இன்ன அளவு, இன்ன தரம் என்று எழுதிக் கொடுத்து, வந்த சரக்கை அளந்து பார்த்து, தவறானதைத் திருப்பி அனுப்புகிறார். வீட்டுக்காரரோ, "கதவுக்கு ஸ்குரூ கொடுங்கள்" என்று மட்டும் கேட்கிறார். எடுத்துக் கொடுப்பதைப் பொட்டலமாக வாங்கிக்கொள்கிறார். கேட்பவர் தரத்தைக் கேட்பதில்லை. ஆதலின் விற்பவரும் தரத்தை வைத்திருப்பதில்லை. கடைக்காரர் ஒருவர் நம்மிடம் ஒளிவுமறைவின்றிக் கேட்டார்: "சாமி, உங்களுக்கு மலிவா வேணுங்களா, நிக்கிற மாதிரி வேணுங்களா? ரெண்டுமே இருக்குதுங்க. நிக்கிறது வேணும்னு கேக்கறவங்கதான் இல்லைங்க." எங்கே கிடைக்கும் என்ற வினாவுக்கு முன்னால், எதைக் கேட்பது என்ற வினா நிற்கிறது என்பதை அவர் கூற்று உணர்த்துகிறது.

முதலில் பெயர்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தானே மரத்தைத் துளைத்துக்கொண்டு உள்ளே செல்வது திருகாணி. துளையில் நுழைந்து மறுபுறம் சுரையால், அதாவது நட்டால், இறுக்கப்படுவது மரையாணி. இதனையே போல்ட் என்கிறோம். இரண்டின் உடலிலும் சுற்றிச் சுற்றி ஓடும் வரி மரை எனப்படும். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இது புதிதன்று. தோட்டின் பின்புறத் திருகாணி சரியாக முடுக்கப்படாவிடில் தோடே தொலையும் என்பதை அவர்கள் நன்கு அறிவர். வைரத்தோடாயினும் அதனைக் காப்பது கடுகளவு மரைதான். அறிவு தடுமாறியவனை "மரை கழன்றவன்" என்று நம் மக்கள் சொல்வதும் பொருளற்றதன்று. எல்லாம் இருந்தும் சேர்த்துப் பிடிப்பது இல்லையெனில் எதுவும் நிலைத்து நில்லாது.

இம்மரை எல்லா ஊரிலும் ஒன்றுபோல் இருந்ததில்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை வைத்திருந்தது. ஒரு பட்டறையின் நட்டு மற்றொன்றின் போல்ட்டில் ஏறாது. 1841-இல் இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்னும் பொறியாளர், மரையின் கோணம் 55 பாகை என்றும், இன்ன பருமனுக்கு அங்குலத்திற்கு இத்தனை மரை என்றும் ஓர் ஒழுங்கை முன்வைத்தார். 1864-இல் அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 60 பாகைக் கோணத்தில் வேறோர் ஒழுங்கை முன்வைத்தார். அரை அங்குலப் போல்ட்டுக்கு விட்வொர்த் முறையில் அங்குலத்திற்கு 12 மரை. அமெரிக்க முறையில் 13. வேற்றுமை ஒரே ஒரு மரைதான். ஆயினும் ஒன்றில் மற்றொன்று ஏறாது.

பொருந்தாத மரையினால் ஊரே எரிந்ததுண்டு. 1904-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பெருந்தீ மூண்டபோது, அண்டை நகரங்களிலிருந்து தீயணைப்பு வண்டிகள் விரைந்து வந்தன. ஆனால் அவற்றுள் பலவற்றின் குழாய் இணைப்பு மரை பால்டிமோரின் தண்ணீர்க் குழாய்க்குப் பொருந்தவில்லை. உதவி செய்ய வந்தவர்கள் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதாயிற்று. இரண்டாம் உலகப் போரிலும் இத்தொல்லை நேசநாடுகளைப் பெரிதும் வருத்தியதால், 1948-இல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா ஆகிய மூன்றும் ஒரே மரைக்கு உடன்பட்டன. இன்று உலகின் பெரும்பகுதி வழங்குவது 60 பாகைக் கோணமுடைய மெட்ரிக் மரை.

நம் நாட்டில் 1947-இல் இந்தியத் தர நிறுவனம் தோன்றியது. 1987 முதல் அது இந்தியத் தர அமைவனமாகச் செயற்படுகிறது. மெட்ரிக் எடையும் அளவும் 1958 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. ஆயினும் நம் ஆசாரிமார்களும் கடைக்காரர்களும் இன்றளவும் "நூல்" கணக்கை விடவில்லை. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். "மூணு நூல் போல்ட்" என்றால் முக்காலே அரைக்கால் அங்குலம் என்று எண்ணிவிடக் கூடாது. அது அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, அதாவது ஏறத்தாழ ஒன்பதரை மில்லிமீட்டர். ஒரே கடையின் அடுத்தடுத்த பெட்டிகளில் நூல் கணக்குப் போல்ட்டும் மில்லிமீட்டர் கணக்குப் போல்ட்டும் கிடக்கின்றன. இடர் தொடங்குவது இங்கேதான்.

எடுத்துக்காட்டாக, இரண்டரை நூல் போல்ட்டின் பருமன் 7.94 மி.மீ.; எம்8 எனப்படும் மெட்ரிக் போல்ட்டின் பருமன் 8 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னதில் மரைக்கு மரை இடைவெளி 1.41 மி.மீ.; பின்னதில் 1.25 மி.மீ. ஒன்றன் நட்டை மற்றொன்றில் ஏற்றினால் இரண்டு மூன்று சுற்று எளிதாகச் செல்லும்; பிறகு இறுகும். முடுக்குபவர் நன்றாகப் பிடித்துவிட்டது என்று மகிழ்வார். உண்மையில் மரை மரையை நசுக்கிக்கொண்டிருக்கிறது, பிடிப்பு ஏதுமில்லை. வாசகர்கள் குறிப்பிட்ட பொருந்தாமையின் காரணம் பெரும்பாலும் இதுவே. போல்ட்டும் நட்டும் ஒரே கடையில், ஒரே கணக்கில் வாங்க வேண்டும். வாங்கிய இடத்திலேயே நட்டை விரலால் கடைசி மரை வரை ஓட்டிப் பார்க்க வேண்டும். கைவிரலுக்கு ஓடாத நட்டு ஸ்பேனருக்கும் உரியதன்று.

"கண்ணால் பார்த்து ஒப்பிட்டால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு, 1990 ஜூன் 10 அன்று நடந்த ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். இங்கிலாந்தின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினின் மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 17,300 அடி உயரத்தை எட்டியபோது, விமானியின் முன்னிருந்த கண்ணாடிச் சாளரம் அப்படியே பெயர்ந்து பறந்தது. விமானி இடுப்பு வரை வெளியே இழுக்கப்பட்டார். பணியாளர்கள் அவருடைய கால்களைப் பற்றிக்கொண்டிருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் விமானத்தை இறக்கினார். வியத்தகு முறையில் அந்த விமானி பிழைத்தார். ஆய்வில் வெளிவந்த செய்தி யாதெனின், முந்தைய நாளில்தான் அக்கண்ணாடி மாற்றப்பட்டிருந்தது; பொருத்திய 90 போல்ட்டுகளில் 84 வேண்டிய பருமனினும் 0.66 மி.மீ. மெலிந்தவை, எஞ்சிய 6 வேண்டிய நீளத்தினும் இரண்டரை மி.மீ. குறைந்தவை. பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணளவால் ஒப்பிட்டுப் புதியவை எடுக்கப்பட்டிருந்தன. தேர்ந்த தொழிலாளியின் கண்ணே ஏமாறியதெனில், நம் கண் எம்மாத்திரம்? பழைய போல்ட்டைக் கடைக்கு எடுத்துச் செல்வது நல்ல பழக்கமே. ஆனால் அங்கே அளவுகோலாலும் மரையளவுச் சீப்பாலும் அளந்து தரச் சொல்ல வேண்டும். பம்பு உதிரிச் சாமான் விற்கும் கடைகளில் இவ்விரண்டும் இருக்கும்.

இனித் தரத்தைப் பற்றி. நல்ல போல்ட் எவ்வாறு உருவாகிறது என்று தெரிந்தால் கெட்டதை அடையாளம் காணலாம். உருக்குக் கம்பியை வேண்டிய பருமனுக்கு இழுத்து, துண்டாக்கி, குளிர்ந்த நிலையிலேயே அச்சில் அடித்துத் தலையை உருவாக்குவர். மரையை வெட்டுவதில்லை, இரு தட்டுகளுக்கிடையே உருட்டி அழுத்துவர். இதனால் உருக்கின் இழைகள் அறுபடாமல் மரையின் வளைவோடு சேர்ந்து வளைந்து வலுப்பெறும். உயர்தரமாயின் சூடேற்றிக் குளிரவைத்துப் பதப்படுத்துவர். இறுதியில் துரு ஏறாதிருக்கத் துத்தநாகப் பூச்சிடுவர். சென்னை பாடியில் 1966-இல் உற்பத்தியைத் தொடங்கிய சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் போன்ற ஆலைகள் மோட்டார் வாகனங்களுக்கு இம்முறையில் செய்கின்றன. பஞ்சாபின் லூதியானாவும் இத்தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். மலிவுச் சரக்கில் இவற்றுள் ஏதேனும் ஒரு படி சுருக்கப்பட்டிருக்கும்: பழைய இரும்பை உருக்கிய கம்பி, தேய்ந்த அச்சு, பதப்படுத்தாத உடல், மூச்சுப்பட்டாலே கரையும் பூச்சு.

தலையைப் பாருங்கள். அறுகோணத் தலையுடைய நல்ல போல்ட்டின் தலையில் செய்தவரின் குறியும், 4.6, 8.8 போன்ற ஓர் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கும். முதல் எண்ணை 100-ஆல் பெருக்கினால், ஒரு சதுர மில்லிமீட்டர் எத்தனை நியூட்டன் இழுவிசையில் அறும் என்பது கிடைக்கும். இரண்டாம் எண், அதில் எத்தனை பத்திலொரு பங்கு வரை அது நிரந்தரமாக நீளாமல் தாங்கும் என்பதைக் காட்டும். ஆகவே 8.8 என்றால் 800 நியூட்டனில் அறும். 640 வரை நீளாது. 4.6 என்றால் 400, 240. எம்8 போல்ட்டில் சுமை தாங்கும் பரப்பு 36.6 சதுர மி.மீ. ஆதலால், 4.6 தரத்தது ஏறத்தாழ ஒன்றரை டன்னிலும் 8.8 தரத்தது ஏறத்தாழ மூன்று டன்னிலும் அறும். துருப்பிடிக்காத எவர்சில்வர் போல்ட்டாயின், ஆங்கில ஏ எழுத்தோடு 2 அல்லது 4 என்ற எண்ணும், அருகில் 70 அல்லது 80 என்பதும் இருக்கும். குளியலறைக்கும் கிணற்றடிக்கும் இவையே ஏற்றவை. ஆனால் எவர்சில்வர் நட்டு எவர்சில்வர் போல்ட்டில் சிக்கிக்கொள்ளும் இயல்புடையது. சிறிது கிரீஸ் தடவி மெதுவாக முடுக்குவது நலம்.

குறி இருந்தால் மட்டும் நம்பிவிடலாமா? அமெரிக்காவிலேயே 1980-களில் உயர்தரக் குறி பொறித்த போலிப் போல்ட்டுகள் பெருகி, 1990-இல் அதற்கெனச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. நம் நாட்டிலும் 2023-இல் மத்திய அரசு போல்ட், நட்டு முதலியவற்றுக்கெனத் தரக்கட்டுப்பாட்டு ஆணை ஒன்றை வெளியிட்டது. பெட்டியின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், முத்திரைக்கு மேலே தர எண்ணும் கீழே உரிம எண்ணும் இருத்தல் வேண்டும். அறுகோணப் போல்ட்டுகளுக்கு ஐ.எஸ். 1363, ஐ.எஸ். 1364 ஆகியவையும், மரத் திருகாணிகளுக்கு ஐ.எஸ். 451, ஐ.எஸ். 6760 ஆகியவையும் உரியவை. உரிம எண் உண்மையானதா என்பதைத் தர அமைவனத்தின் கைப்பேசிச் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் இது நொடிப்பொழுது வேலை.

திருகாணியின் தலையில் எண் இராது. அங்கே கைதான் சோதனை நிலையம். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் பரப்புங்கள். எல்லாம் ஒரே நீளமா? தலை உடலுக்கு நேராக அமைந்துள்ளதா, ஒருபுறம் சாய்ந்துள்ளதா? தலையின் வெட்டு நடுவில் உள்ளதா, போதிய ஆழம் உள்ளதா? முனை கூர்மையாகவும், மரை முனையிலிருந்தே தொடங்குவதாகவும் உள்ளதா? விரலால் தடவினால் பிசிறு குத்துகிறதா? பத்தில் இரண்டு மூன்று கோணலாயிருந்தால் அப்பெட்டியையே விட்டுவிடுங்கள். வீட்டுத் திருப்புளியைக் கையோடு கொண்டுபோய்த் தலையில் பொருத்திப் பாருங்கள். ஆடாமல் உட்கார வேண்டும். கூட்டல்குறி வெட்டிலும் இரு வகை உண்டு. கூட்டல்குறிக்கு இடையே மெல்லிய நான்கு கோடுகள் காணப்பட்டால் அதற்குரிய முனை வேறு. இதனை அறியாமல் முடுக்கித் தலையை மொட்டையாக்கிவிட்டுத் திருகாணியைப் பழிப்பவர் பலர்.

நம் முந்தைய தலைமுறை, ஹவுராவிலிருந்த கெஸ்ட் கீன் வில்லியம்ஸ் நிறுவனத்தின் திருகாணியைப் பெயர் சொல்லி, 144 கொண்ட குரோசுக் கணக்கில் வாங்கியது. இன்று நிலவும் பெருங்குழப்பம் கருப்புத் திருகாணியால் வந்தது. அது ஜிப்சம் பலகையைத் தகட்டுச் சட்டத்தில் பொருத்துவதற்கென்றே செய்யப்பட்டது. மின் திருப்புளியில் விரைந்து ஏறுவதாலும் விலை குறைவாலும், இன்று அதனைக் கீலுக்கும் அலமாரிக்கும் கட்டிலுக்கும் போடுகின்றனர். அது மிகவும் கடினமாக்கப்பட்ட உருக்கு, வளையாது, முறியும். கதவின் பாரம் பக்கவாட்டில் அழுத்த அழுத்த, ஒருநாள் தலை தனியே தெறிக்கும். அதன் கருமைப் பூச்சு ஈரத்தைத் தாங்காது. கீலுக்கு உரியது வழுவழுப்பான கழுத்துடைய மரத் திருகாணியே. நான்கங்குலக் கீலுக்கு 8-ஆம் எண், அதாவது ஏறத்தாழ 4.2 மி.மீ. பருமன் ஏற்றது. பெருங்கதவுக்கு 10-ஆம் எண்.

நல்ல திருகாணியையும் தவறாகப் பயன்படுத்தினால் முறியும். தேக்கு, வேங்கை போன்ற வலிய மரத்தில் முதலில் துளையிட வேண்டும். 8-ஆம் எண் திருகாணிக்கு 3 மி.மீ. துளை போதும், கழுத்து நிற்கும் இடத்தில் மட்டும் நான்கரை மி.மீ. அளவுக்கு அகலப்படுத்தலாம். மரையில் சிறிது மெழுகு அல்லது சோப்புத் தேய்த்தால் வழுக்கிச் செல்லும். நம் இல்லங்களில் எரிந்த மெழுகுவர்த்தித் துண்டுக்கா பஞ்சம்? சுத்தியலால் பாதி அடித்து மீதியைத் திருகும் வழக்கத்தை அறவே ஒழிக்க வேண்டும். அது மரத்தின் இழையைக் கிழித்து, திருகாணியை வெறும் ஆணியாக்கிவிடும். பித்தளைத் திருகாணி மென்மையானது. அதே அளவுள்ள இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றி எடுத்துவிட்டு, அந்தத் தடத்தில் பித்தளையை ஏற்ற வேண்டும். சுவரிலாயின், துளைக்கும் பிளாஸ்டிக் கட்டைக்கும் திருகாணிக்கும் அளவு ஒத்திருக்க வேண்டும். செங்கல்லில் துளையிடுங்கள், சாந்துப் பூச்சில் அன்று.

கூரையைப் பற்றி ஒரு சொல். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் காற்றின் வேகத்தைப் பொள்ளாச்சிப் பக்கத்தார்க்கு நாம் கூற வேண்டுவதில்லை. அலைத்தகட்டுக் கூரை பறப்பது தகட்டின் குற்றத்தால் அன்று. அதனைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டும் வாஷரும் துருவேறி மெலிந்ததால். தகட்டின் மேட்டில் துளையிட்டு, நாகம் பூசிய போல்ட்டுக்குக் கீழே அகன்ற வாஷரும் தார் அல்லது ரப்பர் வாஷரும் இட்டுப் பொருத்த வேண்டும். சித்திரை, வைகாசியிலேயே ஏணி வைத்துப் பார்த்துவிட வேண்டும். ஆடியில் பார்க்க ஏறுவது ஆபத்து.

நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தில் நடந்ததை, அவர்களின் இசைவோடு, ஊரும் பெயரும் தவிர்த்துக் கூறுகிறோம். தலைமுறையாக வந்த தேக்குப் பலகை ஊஞ்சல். கனத்த பித்தளைச் சங்கிலி. கூரையிலிருந்த கொக்கி யானையைத் தாங்கும். சங்கிலியைக் கொக்கியோடு இணைத்த போல்ட்டை மட்டும், வீட்டுக்கு வெள்ளையடித்த ஆண்டில் மாற்றியிருந்தனர். குறியற்ற போல்ட், பொட்டலத்தில் வந்தது. ஒரு மாலைப்பொழுதில் பேத்தியை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்த பாட்டியம்மாள் தரையில் விழுந்தார். குழந்தைக்கு ஒன்றும் நேரவில்லை. பாட்டி தம் உடலால் தாங்கிக்கொண்டார். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப் பின் அவர் கோல் இல்லாமல் நடந்ததில்லை.

முறிந்த போல்ட்டை நாம் பார்த்தோம். முறிந்த முகத்தின் பாதி பழுப்பேறிப் பழமையாயிருந்தது. மறுபாதி வெள்ளிபோல் பளிச்சிட்டது. பழுப்பேறிய பாதி என்றோ விரிசல் கண்டுவிட்டது. பளிச்சிட்ட பாதிதான் அன்று அறுந்தது. மேலே நாம் கூறிய கணக்கை நினைவு கூருங்கள். மிகத் தாழ்ந்த தரத்து எம்8 போல்ட்டும் ஒன்றரை டன்னைத் தாங்க வேண்டும். பாட்டியும் பேத்தியும் சேர்ந்து எண்பது கிலோ இருக்கமாட்டார்கள். எடையால் அது முறியவில்லை. ஒவ்வோர் ஆட்டத்திலும் இப்பக்கமும் அப்பக்கமும் வளைந்து வளைந்து, மரையின் பள்ளத்தில் விரிசல் பிறந்து, அதில் ஈரம் புகுந்து வளர்ந்திருக்கிறது. சங்கிலி வளையம் உரசும் இடத்தில் மரையில்லாத வழுவழுப்பான உடல் அமைந்த, குறி பொறித்த போல்ட்டைப் போட்டு, ஆண்டுக்கொருமுறை கழற்றிப் பார்த்திருந்தால் அவ்விரிசல் வெளிப்பட்டிருக்கும். ஊஞ்சல், தொட்டில், மின்விசிறி, ஏணி, கட்டில் ஆகிய ஐந்தும் மனிதரைத் தாங்குபவை அல்லது மனிதர் தலைக்கு மேலே தொங்குபவை. இவ்வைந்திலும் விலை பார்த்தல் ஆகாது. மின்விசிறித் தண்டின் போல்ட்டில் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்பதை இன்றே பார்த்துவிடுங்கள். துடைக்கக் கழற்றியவர் திரும்பப் போடாமல் விட்ட வீடுகள் பல.

எங்கே வாங்குவது என்ற வினாவுக்கு இப்போது விடை கூறலாம். கோவையில் டாக்டர் நஞ்சப்பா சாலைப் பக்கத்திலும், மற்ற ஊர்களில் பம்பு, மோட்டார் உதிரிச் சாமான் விற்கும் கடைகளிலும் கேளுங்கள். பட்டறைக்காரர்கள் வாங்கும் கடையில் கெட்ட சரக்கு நெடுநாள் நில்லாது. "எம்8, 50 நீளம், 8.8 தரம், நட்டும் வாஷரும் சேர்த்து" என்று சொல்லிக் கேளுங்கள், உடைக்காத பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள், சீட்டு வாங்குங்கள். கடையில் இல்லாத அளவாயின், அருகிலுள்ள லேத்துப் பட்டறையில் கடைந்து தருவர். ஆனால் மனிதரைத் தாங்கும் இடத்திற்கு மட்டும் ஆலையில் செய்ததையே கொள்ளுங்கள். பழைய வீட்டு நிலைகளிலிருந்து கழற்றிய திருகாணிகளையும் எறிந்துவிடாதீர்கள்; மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துடைத்தால், இன்றைய புதியவற்றினும் அவற்றுள் பல மேலானவை. நேராயிருப்பவற்றை அளவுவாரியாகப் பழைய ஹார்லிக்ஸ் சீசாக்களில் இட்டு வையுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். வீடு கட்டுவோரும், சங்கக் கட்டடமோ ஆலயக் கூரையோ எழுப்பும் குழுவினரும் கொணரும் மதிப்பீடுகளை நாம் பல்லாண்டுகளாகப் பார்த்து வருகிறோம். மரம் இத்தனை, தகடு இத்தனை, கூலி இத்தனை என்று வரிவரியாக எழுதியிருக்கும். ஆணி, திருகாணி, போல்ட் மட்டும் கடைசி வரியில் "சில்லறைச் செலவு" என்பதற்குள் மறைந்திருக்கும். மொத்தத் தொகையில் பேரம் பேசிக் குறைக்கும்போது, ஒப்பந்தக்காரர் கைவைப்பது அந்த வரியில்தான். அவரை மட்டும் குறை கூறிப் பயனில்லை; பார்க்கப்படாத இடத்தில் சிக்கனம் செய்யும்படி அவரை நெருக்கியது நாமே. ஒரு கதவின் மூன்று கீல்களுக்கு 24 திருகாணி வேண்டும். நல்லதற்கும் கெட்டதற்கும் உள்ள விலை வேற்றுமை, வேலையாட்களுக்கு ஒருவேளை தேநீர் வாங்கித் தரும் செலவைத் தாண்டாது. ஆதலின் அடுத்த முறை மதிப்பீடு எழுதும்போது, திருகாணிக்கும் போல்ட்டுக்கும் தனி வரி ஒதுக்கி, அளவையும் தரத்தையும் அதில் குறியுங்கள். சரக்கை நீங்களே வாங்கி ஆசாரியின் கையில் கொடுங்கள். நல்ல திருகாணி கையில் கிடைத்தால் நம் ஆசாரிமார்களின் முகம் மலர்வதை நீங்களே காண்பீர்கள். அவர்களும் இத்தனை நாளாக அதைத்தான் கேட்க விரும்பினர்.